கைக்குழந்தைக்கு எதுக்குத் தனி சீட்? எண்ணூர் வழியா ஒரு வரலாறு

இன்னைக்கு எபிசோடை ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். கைக்குழந்தை.

தினமும் கேட்கிற சொல்தான். பஸ்ஸில் ஒரு அம்மா ஏறினால், "கைக்குழந்தையோட நிக்கறாங்க, எழுந்து இடம் குடுப்பா" என்று யாராவது சொல்வார்கள். கவனிச்சீங்கன்னா, அந்த இடம் குழந்தைக்கு இல்லை, குழந்தையைத் தூக்கிட்டு நிற்கிற அம்மாவுக்கு. குழந்தைக்கு அம்மாவின் மடியே இடம். பிறந்த குழந்தை எங்கே இருக்கணும் என்பதை நம்ம மொழி அதன் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் வீட்டுக்குள்ளே நாம் அப்படி நடப்பதில்லை. குழந்தை வீட்டுக்கு வந்ததும் பழைய பருத்திப் புடவையை எடுத்து, உத்தரத்துக் கொக்கியில் தூளி கட்டிவிடுகிறோம். கொக்கி தாங்குமா, முடிச்சு இறுக்கமா என்று நாலு பேர் இழுத்துப் பார்த்த பிறகே குழந்தையை அதில் விடுகிறோம். வீட்டில் குழந்தைக்குத் தனி இடம் வேணும், அது உறுதியா இருக்கணும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே குழந்தையை வண்டியில் ஏற்றும்போது அந்தத் தனி இடம் காணாமல் போகிறது. அங்கே மறுபடியும் மடிதான்.

காரில் குழந்தைக்கு ஒரு தனி இடம் எப்படி வந்தது, நம்ம வடசென்னைக்கு அது ஏன் இவ்வளவு தாமதமா வந்தது, இப்போ ஒரு சீட் வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்கறது? இந்த மூணும்தான் இன்றைய பேச்சு. நான் இதைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் என் தங்கச்சி. திருவொற்றியூரில் இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம். "அண்ணா, கார் சீட் வாங்கணுமா, அது பணக்காரங்க சமாச்சாரமா?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. பதில் சொல்ல எனக்கு நிறைய படிக்க வேண்டியிருந்தது.

எண்ணூரில் கூடிய கார்

வடசென்னைன்னா ஹார்பர், மீன், பாக்ஸிங், புகைபோக்கி என்று பலரும் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அதில் விட்டுப்போகிற ஒன்று, கார். 1948-ல் ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தன் மகன் பேரையே அதற்கு வைத்தார். அடுத்த ஆண்டு எண்ணூரில் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. அங்கே முதலில் பூட்டப்பட்டவை லாரியோ பஸ்ஸோ இல்லை. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்கள். பிறகு லேலண்ட் நிறுவனத்தோடு கைகோத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், தமிழ்நாட்டில் பாதிப் பேர் வளர்ந்ததே லேலண்ட் பஸ்ஸில்தான்.

அதே 1955-ல் எண்ணூருக்குக் கொஞ்சம் தெற்கே, திருவொற்றியூரில், என்ஃபீல்டு இந்தியா வந்தது. புல்லட் அங்கிருந்து கிளம்பியது. ஆக, ஐந்தாறு ஆண்டுக்குள் கார், லாரி, பஸ், பைக் எல்லாம் இந்தக் கடற்கரையோரம் கைகளால் பூட்டப்பட்டன.

அந்த ஆஸ்டின் காரில் சீட் பெல்ட் கிடையாது. இது எண்ணூரின் குறை இல்லை. அப்போது உலகத்தில் எந்தச் சாதாரண காரிலும் இப்போது நாம் போடுகிற பெல்ட் இல்லை. தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே வருகிற மூன்று முனை பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959-ல். பெரியவர்களுக்கே பெல்ட் இல்லாத காலத்தில் குழந்தையைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

குழந்தையைப் பார்க்க ஒரு சீட்

யோசித்தவர்கள் இருந்தார்கள், வேறு காரணத்துக்காக. 1930-களிலேயே அமெரிக்காவில் பன்னி பேர் என்ற கம்பெனி காருக்கான குழந்தை நாற்காலியை விற்றது. ஓட்டுகிற அப்பா அம்மா கண்ணுக்குக் குழந்தை தெரியணும், குழந்தை சீட்டில் தவழ்ந்து தொந்தரவு பண்ணாமல் ஓரிடத்தில் இருக்கணும். இவ்வளவுதான் அதன் வேலை. இடித்தால் என்ன ஆகும் என்பது அந்த நாற்காலியின் கவலையே இல்லை.

பாதுகாப்புக்காக ஒரு சீட் என்ற எண்ணம் 1962-ல்தான் வருகிறது. அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு இடத்தில். இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண், கவட்டை போல இரண்டாகப் பிரியும் வார் வைத்த ஒரு சீட்டை உருவாக்கினார். அமெரிக்காவில் லெனார்டு ரிவ்கின் இரும்புச் சட்டம் போட்ட இன்னொன்றை. குழந்தையைச் சீட்டோடும், சீட்டைக் காரோடும் கட்டுவது. அடிப்படை இதுதான்.

அதற்கப்புறம் வந்தவர்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். பெர்டில் ஆல்டுமன், சுவீடன் நாட்டு மருத்துவர். 1960-களில் அமெரிக்கா ஜெமினி விண்கலத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் விண்வெளி வீரர்கள் முதுகு முழுக்கப் பதியும்படி சாய்ந்து கிடந்தார்கள். கலம் சீறிக் கிளம்பும்போது வருகிற விசையை முதுகு முழுவதும் பகிர்ந்து வாங்கும், கழுத்துக்கு மட்டும் போகாது. ஆல்டுமன் இதைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தார். கார் முன்பக்கம் மோதும்போதும் குழந்தையின் முதுகு அந்த விசையை வாங்கணும்னா, குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்? பின்பக்கம். 1964-ல் அந்த மாதிரியை ஒரு வோல்வோ காரில் வைத்துச் சோதித்தார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு தலை. நமக்கு அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். அவ்வளவு கனமான தலை, அதைத் தாங்கும் வலு இன்னும் வராத கழுத்து. "தலை நிக்கலை, பாத்துத் தூக்கு" என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முன்னே பார்த்து உட்காரவைத்தால், கார் நிற்கும்போது உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்னே பார்த்து உட்காரவைத்தால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் ஓட்டுக்குள் அழுந்தும். தூக்கும்போது நாம் தலைக்குக் கீழே கை கொடுக்கிறோமே, அந்தக் கையின் வேலையைச் சீட்டின் முதுகு செய்கிறது.

மடிக்கு ஒரு விதிவிலக்கு

சீட் வந்தாச்சு. மக்கள் வாங்கிட்டாங்களா? இல்லை.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்று ஒரு குழந்தை மருத்துவர். கார் விபத்தில் குழந்தைகள் சாவது அவருக்குத் தாங்கவில்லை. மனைவியோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் துரத்தினார். 1977-ல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1-லிருந்து அமலுக்கு வந்தது. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைச் சீட்டில் வைத்துத்தான் கூட்டிட்டுப் போகணும். அமெரிக்காவிலேயே இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டுத்தான் அதை நிறைவேற்ற விட்டார்கள். என்ன ஓட்டை தெரியுமா? பெரியவர் ஒருவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் சீட் தேவையில்லை. அதாவது, கைக்குழந்தைக்கு விலக்கு. நம்ம சொல்லேதான். தாயின் கைக்கு மேல் பாதுகாப்பு ஏது என்ற நம்பிக்கை டென்னசியிலும் திருவொற்றியூரிலும் ஒண்ணுதான். அந்த ஓட்டையை அடைக்க சாண்டர்ஸ் இன்னும் சில ஆண்டு போராட வேண்டியிருந்தது. 1981-ல் அது நீக்கப்பட்டது. 1985-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

கை ஏன் போதாது? இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. அதாவது ஒரு நொடிக்கு 14 மீட்டர். எதிரே நிற்கிற லாரியின் பின்பக்கத்தில் மோதினால், கார் நிற்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல 20, 30 மடங்கு விசையோடு முன்னே இழுக்கப்படும். 3 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 60 முதல் 90 கிலோவைத் தாங்கணும். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அது மேலேயிருந்து விழும்போது எந்த அம்மாவாலும் இரண்டு கையால் ஏந்த முடியாது. பாசம் குறைவு என்று அர்த்தம் இல்லை. கையின் வலு அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கு. அம்மா பெல்ட் போடவில்லை என்றால், அவர் எடை முழுவதும் குழந்தையின் மேல்தான் போய் விழும். குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால், அம்மாவுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

எங்க ஆயாவிடம் இதைச் சொன்னேன். "டேய், நாலு புள்ளைங்களையும் ராயபுரம் ஆஸ்பத்திரிலேர்ந்து மடியிலதான் கொண்டாந்தேன். எது கொறஞ்சு போச்சு?" என்றார். பெரும்பாலான வீட்டில் இந்தப் பதில்தான் வரும். அதில் ஒரு உண்மை இருக்கு. அவர் வந்தது ரிக்‌ஷாவில். வேகம், ஓடுகிற மனுஷனைவிடக் குறைவு. எதிரே 40 அடி கண்டெய்னர் லாரி வரிசை கிடையாது. அந்த வேகத்துக்கு மடி போதுமானதா இருந்தது. வேகமும் ரோடும் மாறிப்போச்சு, மடி அப்படியே இருக்கு. ஆயாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த சீட்டு எம்மாம்?" என்றார்.

கப்பலேறிப் போன பாதுகாப்பு

நம்ம ஊருக்குத் திரும்பலாம். இந்தியாவில் புதுக் கார்களின் முன் சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994-ல்தான். பின் சீட்டுக்கு 2002. எண்ணூரில் முதல் ஆஸ்டின் கூடியதிலிருந்து எண்ணினால், அரை நூற்றாண்டுக்கு மேல்.

நடுவில் 1999-ல் ஐசோஃபிக்ஸ் என்ற சர்வதேசத் தரம் வந்தது. காரின் பின் சீட்டில் முதுகும் அடியும் சேர்கிற இடுக்கில் இரண்டு இரும்பு வளையங்கள். குழந்தை சீட்டின் கொக்கியை அதில் மாட்டினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பெல்ட்டைத் தப்பாகச் சுற்றுவது அடிக்கடி நடந்ததால் வந்த ஏற்பாடு இது.

அதே காலகட்டத்தில் சென்னைத் துறைமுகம் கார் ஏற்றுமதிக்குப் பேர் போனதாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செய்த ஹூண்டாய் கார்கள் இங்கிருந்து கப்பலேறின. 2010-லிருந்து எண்ணூர் துறைமுகம், இப்போ காமராஜர் துறைமுகம், நிசான் கார்களை அனுப்பத் தொடங்கியது. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பார்த்தால் தெரிகிற தூரத்தில், பல அடுக்குக் கட்டடம் மாதிரி நிற்கிற கார் கப்பல்கள். ஐரோப்பாவுக்குப் போகிற கார், ஐரோப்பாவின் விதிக்கு உட்பட்டுத்தான் போகணும்.

உள்ளூரில் விற்பது? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்கும் சில சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். பணம் மிச்சப்படுத்தணும் என்று வாங்குகிறவருக்குக் கிடைத்தது அந்த அடிமட்ட மாடல்தான். அந்தக் கார்களில் பல இன்னும் நம்ம தெருவில் ஓடுகின்றன. சில, டாக்ஸியாகவும்.

நல்ல வேளையா, கதை அங்கே நிற்கவில்லை. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம்ம நாட்டுச் சோதனையே ஆரம்பித்தது. அதில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியா மதிப்பெண் உண்டு. கார் வாங்கப் போகிறவர்கள் பெரியவர்களுக்கான நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் அதையும் பாருங்க.

சட்டமும் வந்தது, சத்தமில்லாமல். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், 194பி என்ற பிரிவு. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிட்டுப் போனால் 1,000 ரூபாய் அபராதம். டென்னசிக்காரர்கள் போட்ட மடி விலக்கு இந்தப் பிரிவில் இல்லை. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். ஹெல்மெட் அபராதம் பற்றி ஊரே பேசியது. இந்தப் பிரிவைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பைக்குக்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஓர் ஆண்டு கழித்து அமலானது. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஓட்டுநரோடு பட்டையால் கட்டணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, 9 மாதத்திலிருந்து ஹெல்மெட் போடணும். 9 மாதத்துக்குக் கீழே ஹெல்மெட்டை அந்த விதி கேட்கவில்லை. தலையே நிற்காத கழுத்தில் ஹெல்மெட்டின் எடையை எப்படி ஏற்றுவது? ஆக, பிறந்த குழந்தையைப் பைக்கில் பாதுகாப்பாகக் கூட்டிட்டுப் போக வழியே இல்லை. புல்லட்டின் ஊர்க்காரர்கள் என்ற முறையில் நாம் இதை முதலில் ஒத்துக்கலாம்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும்

இப்போ தங்கச்சியின் கேள்விக்கு வரேன். கடையில் போய் நின்றால் பளபளப்பா பத்து சீட் இருக்கும். எதைப் பார்ப்பது?

முதல் கேள்வி, உங்களிடம் சொந்தக் கார் இருக்கா? நம்ம பக்கம் பல வீட்டில் இல்லை. கால் டாக்ஸிதான். அப்படின்னா ஐசோஃபிக்ஸ் அடித்தளத்தோடு வருகிற விலை அதிகமான சீட் உங்களுக்குத் தேவையில்லை. வருகிற டாக்ஸியில் அந்த வளையம் இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. காரின் மூன்று முனை பெல்ட்டாலேயே கட்டக்கூடிய, கைப்பிடி வைத்த, கூடை மாதிரியான குழந்தை சீட் போதும். கட்டுகிற விதம் சரியா இருந்தால் அதுவும் காக்கும். சொந்தக் கார் இருந்து, அதில் வளையமும் இருந்தால், ஐசோஃபிக்ஸ் எளிது. தப்பாகக் கட்ட வாய்ப்பு குறைவு.

இரண்டாவது, சீட்டின் பின்னால் உள்ள லேபிள். இந்தியத் தரம் ஏஐஎஸ்-072. ஐரோப்பியத் தரம் என்றால் ஆர்44 அல்லது புதிய ஆர்129, வட்டத்துக்குள் ஒரு எழுத்தும் எண்ணும் போட்ட ஒட்டு இருக்கும். லேபிளே இல்லாத சீட், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், அந்த 1930-களின் நாற்காலிதான்.

மூன்றாவது, எடை. கூடை சீட்டுகள் பெரும்பாலும் 13 கிலோ வரை என்று போட்டிருக்கும். அந்த மேல் எண்ணைவிடக் கீழ் எண்தான் உங்களுக்கு முதல் நாளில் முக்கியம். நம்ம ஊரில் இரண்டரை கிலோவில் பிறக்கிற குழந்தைகள் நிறைய. அந்த எடைக்கு வார் இறுகுமா, தலைக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் வைக்கும் மெத்தை அந்தச் சீட்டோடவே வருதா என்று பாருங்க. தனியா வாங்கிச் சொருகாதீங்க. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பு டாக்டரிடம் சாய்ந்து உட்காரவைக்கலாமா என்று கேட்டுடுங்க.

நான்காவது, உங்கள் காரில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீங்க. பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி கட்டுங்க. பெல்ட் போகிற இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. சாய்மானம் சுமார் 45 பாகை. ரொம்ப நிமிர்ந்தால் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடும். தோள் வார், குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்து வரணும். இறுக்கிய பிறகு தோள்பட்டை எலும்புக்கிட்ட வாரைக் கிள்ளிப் பாருங்க, மடிப்பு கைக்குள் வரக் கூடாது. கனமான துணியைச் சுற்றிவிட்டு அதன் மேல் வாரைப் போடாதீங்க. முதலில் வார், மேலே துண்டு.

ஐந்தாவது, முன் சீட் வேண்டவே வேண்டாம். 1990-களில் அமெரிக்காவில் முன் சீட்டில் பின்பக்கம் பார்த்து வைத்த குழந்தைகள், மோதலால் இல்லை, வெடித்து விரிந்த ஏர்பேக் சீட்டின் முதுகில் அறைந்ததால் இறந்தார்கள். பெரியவரைக் காப்பாற்றுகிற பொருள் குழந்தையைக் கொன்றது. இப்போ நம்ம புதுக் கார்களிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் இருக்கு.

பழைய சீட் வாங்கலாமா? கூடை சீட் ஒரு வருஷம், ஒன்றேகால் வருஷம்தான் உழைக்கும், அதற்குள் குழந்தை வளர்ந்துடும். அதனால் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்வது நல்ல யோசனைதான், மூன்று விஷயம் தெரிந்தால். அது எந்த விபத்திலும் சிக்கவில்லை, காலாவதித் தேதி தாண்டவில்லை, வாரும் லேபிளும் முழுசா இருக்கு. முகம் தெரியாதவர் விற்கிற சீட்டில் முதல் விஷயத்தை உறுதி செய்ய வழி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சீட்டிலேயே தூங்கவிடாதீங்க, எடுத்து சமமான இடத்தில் படுக்க வைங்க. நிறுத்தின காரில் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. நம்ம வெயிலில் பக்கிள் சுட்டிருக்கும், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்க.

ஆட்டோவில் இந்தச் சீட்டைக் கட்ட வழி இல்லை, பெல்ட்டே கிடையாது. அதனால் எல்லா நாளும் முடியாவிட்டாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாள், தடுப்பூசி நாள், அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகிற நாள், இந்த நீளமான பயணங்களுக்காவது கார் பிடிங்க. எண்ணூர் விரைவுச் சாலையில் இடது பக்கம் கண்டெய்னர் நிற்கும், வலது பக்கம் கண்டெய்னர் ஓடும். அங்கே வேகம் 30 என்றாலும் 3 கிலோ குழந்தை முப்பது கிலோவுக்கு மேல் இழுக்கும்.

பிறக்கறதுக்கு முன்னாடி வாங்கலாமா?

தங்கச்சி வீட்டில் பணத்தைவிடப் பெரிய சிக்கல் இதுதான். குழந்தை பிறப்பதற்கு முன்பு எதையும் வாங்கி வீட்டில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் இந்த ஒரு பொருள் மட்டும் முதல் பயணத்துக்கே தேவை. பிறந்து நாற்பது நாள் கழித்து வாங்கினால், முதல் பயணம் மடியில்தான்.

நாங்கள் செய்த ஏற்பாடு இது. சீட்டைத் தேர்ந்தெடுத்து, மாப்பிள்ளை அவருடைய நண்பரின் காரில் கட்டிப் பழகிவிட்டார். பணம் கட்டிய சீட் கடையிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்த சேதி வந்ததும் போய் எடுத்துக்கொள்வார். வீட்டுக்குள் எதுவும் வரவில்லை, ஆயாவுக்கும் சம்மதம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், வார் சரியா இறுகியிருக்கா என்று கடைசியில் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாராம். தூளிக்குச் செய்கிற அதே சோதனை.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, ஒழுங்காகப் பயன்படுத்திய சீட், காரில் போகும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண ஆபத்தை 71 சதவீதம் குறைக்கிறது. நில்ஸ் போலின், ஆல்டுமன், சாண்டர்ஸ் எல்லாரும் சேர்ந்து பல பத்து ஆண்டுகளில் சம்பாதித்த எண் அது. எண்ணூரில் வண்டி பூட்டினவர்கள், துறைமுகத்தில் கார் ஏற்றினவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பணக்காரர் சமாச்சாரமா என்று தங்கச்சி கேட்டாளே, அதற்கு என் பதில் இதுதான்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ யாராவது பிரசவத்துக்குக் காத்திருந்தால், இந்த எபிசோடை அவர்களுக்கு அனுப்புங்க. சீட் கட்டத் தெரிந்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.